கோடு தாண்டிய கை

படப்பிடிப்புத் தளத்தில் அவளை எல்லோரும் ‘முதுகக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நாயகிக்கு இரட்டை வேடம் என்றால், ஒருத்தி முகம் காட்டிப் பேசும்போது இன்னொருத்தியாக முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பது இவள் வேலை. தியேட்டருக்குப் போனால் அவள் கணவன் சும்மா இருக்க மாட்டான். பக்கத்து இருக்கைக்காரரை முழங்கையால் இடித்து, “அது எங்க வீட்டம்மா முதுகுங்க” என்று பெருமையடித்துவிடுவான். இவளுக்கு மானம் போகும். உள்ளுக்குள் கொஞ்சம் இனிக்கவும் செய்யும்.

அந்தப் பிழைப்பில் மண்ணைப் போட வந்தார் தந்திரக் காட்சி எடுக்கும் கேமராமேன். லென்ஸின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து, நாயகியைத் தங்கையாக ஒரு பக்கம் நிறுத்தி எடுப்பார். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அட்டையை மறுபக்கம் மாற்றி, அதே ஃபிலிமில் அவளையே அக்காவாகவும் எடுப்பார். இரண்டு முகமும் சேர்ந்தே திரையில் வந்துவிடும். அப்புறம் முதுகுக்கு அங்கே என்ன வேலை? இத்தனை படம் நின்றவள், இந்தப் படத்தில் முதுகாகக்கூட இருக்கப்போவதில்லை.

ஆனால் தங்கையாக நின்று, அக்கா இருக்க வேண்டிய காலியிடத்தைப் பார்த்து அழ நாயகிக்கு வரவில்லை. பார்வை எங்கெங்கோ அலைந்தது. முதுகக்காவை எதிரில் நிறுத்துங்கள் என்று அவளே கேட்டுக்கொண்டாள். மறைத்த பாதியில் யார் நின்றாலும் படத்தில் விழாது என்பதால் கேமராமேனும் ஒத்துக்கொண்டார். தரையில் சாக்பீஸால் கோடு கிழித்து, யாரும் இதைத் தாண்டக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னார்.

அக்காவின் உடையில் முதுகக்கா நின்றாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கேமராவின் பக்கம் முகம். அந்த முகத்துக்கு நேராகக் கறுப்பு அட்டை. நல்ல கூத்துதான். வீட்டை விட்டுப் போகும் அக்காவைப் பார்த்துத் தங்கை அழும் காட்சி அது. உதவியாளர் நேரக் கணக்குக்காக உரக்க எண்ணிக்கொண்டிருக்க, நாயகி நிஜமாகவே உடைந்து அழுதாள். முதுகக்காவுக்கு மனசு தாங்கவில்லை. வீட்டில் யார் அழுதாலும் செய்வதை அங்கேயும் செய்துவிட்டாள். கையை நீட்டி, மடக்கிய விரலின் பின்புறத்தால் அந்தக் கன்னத்தைத் துடைத்தாள்.

கை கோட்டைத் தாண்டிவிட்டது. கேமராமேன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆளே இல்லாமல் அந்தரத்தில் ஒரு கை மட்டும் வந்து நிற்கும், குடும்பப் படம் பேய்ப் படம் ஆகிவிடும் என்று புலம்பினார். மறுபடி எடுக்கலாம் என்றதற்கு நாயகி அசையவில்லை.

“இந்த அழுகை இனிமே எனக்கு வராதுங்க. கை இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.”

முதுகக்கா நீட்டிய கையோடு பயந்து உறைந்து நின்றாள். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்த கேமராமேன், அப்படியே இருங்கள் என்றார். கோட்டுக்கு மேலே, அவள் முழங்கை இருந்த இடத்தில் ஒரு நூலைத் தொங்கவிட்டார். எந்த எண்ணில் கை நீண்டது என்று உதவியாளரிடம் கேட்டுக்கொண்டார். அடுத்து நாயகி அக்காவாக நின்று, அதே எண்ணில் முழங்கை நூலைத் தொடும்படி கையை நீட்டினாள். நூலைத் தாண்டியதை அட்டை மறைத்துவிட்டது. மிச்சக் கை ஏற்கெனவே ஃபிலிமில் இருந்தது.

இந்தப் படத்தில் நான் இல்லை என்று மட்டும்தான் முதுகக்கா கணவனிடம் சொல்லியிருந்தாள். தியேட்டரில் அவன் சுரத்தில்லாமல் உட்கார்ந்திருந்தான். திரையில் அக்காவின் கை நீண்டு, தங்கையின் கன்னத்தைத் துடைத்தது. அவன் நிமிர்ந்தான். அந்த மடக்கிய விரல் அவன் கன்னத்துக்கும் பழக்கம். திரும்பி மனைவியைப் பார்த்தான், அவள் குனிந்துகொண்டாள்.

இந்த முறை பக்கத்து இருக்கைக்காரர் அவனை இடித்தார். “ரெண்டும் ஒரே ஆளு. தன்னையே தான் எப்படிங்க தொட முடியும்?”

“அதாங்க எனக்கும் புரியல” என்றான் அவன், இருட்டில் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு.