லிபுவோ வீட்டு வாசலில் நிற்கும் குதிரை

புட்ஸ்வா இன்றும் அந்த வாசலில் நின்றுவிட்டது. முதுகில் இருந்த சிறுமி தெபெலோ கடிவாளத்தை இழுத்தாள், குதிகாலால் தட்டினாள், கடைசியில் கெஞ்சினாள். சாம்பல் நிறக் கழுத்து அசையவில்லை. பின்னால் வந்த மட்டக்குதிரைகளும் நிற்க, மேலிருந்த வாண்டுகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

"டீச்சர், இதுக்குக் காது செவிடு!"

குளம்பைச் சுத்தம் செய்யவும், சேணம் கட்டவும், இந்த மலுட்டி மலைப்பாதையில் பயமில்லாமல் ஏறி இறங்கவும் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது என் வேலை. புட்ஸ்வாவுக்கு நான் சொல்லி ஒன்றும் ஏறாது. பிடிவாதத்தில் அது என்னையே மிஞ்சும். போன குளிர்காலம்வரை லிபுவோதான் அதை ஓட்டினாள். பாடம் முடிந்ததும் அவளை இங்கே இறக்கிவிட்டுத்தான் பள்ளிக்குத் திரும்புவோம். சளி நெஞ்சில் இறங்கி ஒரே வாரத்தில் பிள்ளை போய்விட்டாள். குதிரைக்கு அதை யார் சொல்வது?

கதவு திறந்தது. லிபுவோவின் அம்மா தோளில் போர்வையும் கை நிறைய மக்காச்சோளமுமாக வந்தாள். குதிரை உள்ளங்கையை நக்கித் தின்னும்வரை, பிள்ளைகள் இறங்கும் இடது பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே யாரோ இறங்கிக்கொண்டிருப்பதுபோல லேசாக ஒதுங்கி வழிவிட்டாள்.

"தீனி போடாதீங்கம்மா," என்றேன். "இது இங்கேயே நின்னுட்டிருந்தா வித்துடுவேங்கறாரு ஹெட்மாஸ்டர்."

"விக்கட்டும்." அவள் என்னைப் பார்க்கவில்லை. "நீங்களும் 'அம்மா'தானா? அடக்கம் பண்ணின நாள்லேருந்து என் பேரைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரலை. எம்பொண்ணு இருந்தாங்கறது இந்தக் குதிரைக்குத்தான் ஞாபகம் இருக்கு. அதையும் கூட்டிட்டுப் போயிடுங்க."

எங்களில் கல்யாணமான பெண்ணுக்குத் தலைப்பிள்ளையின் பெயர்தான் பெயர். லிபுவோவின் தாய் மா-லிபுவோ. சொன்னால் அழுவாளே என்று பயந்து ஊரே அந்தப் பெயரை விழுங்கிவிட்டது. அதற்கு இரக்கம் என்று வேறு பேர் வைத்திருந்தோம். வெட்கமாக இருந்தது.

"மா-லிபுவோ," என்றேன்.

பிள்ளைகளின் சிரிப்பு நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தரம் சொல்லுங்க டீச்சர்."

"மா-லிபுவோ, நீங்க வந்தா அது வரும். கொஞ்ச தூரம் கூட்டிட்டு வாங்க."

அவள் மீதிச் சோளத்தைக் கோழிகளுக்கு வீசிவிட்டுக் கடிவாளத்தைப் பிடித்தாள். புட்ஸ்வா ஒருமுறை கதவைத் திரும்பிப் பார்த்தது. அப்புறம் அவள் பின்னால் நடந்தது. வளைவு வந்ததும் அவள் கையை எடுத்தாள். குதிரை நிற்காமல் போனது.

தெபெலோ பயத்தில் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சற்று தூரம் போயிருப்போம், பின்னாலிருந்து மா-லிபுவோவின் அதட்டல்.

"முதுகை நிமித்து, லிபுவோ!"

நாங்கள் யாரும் திரும்பவில்லை. புட்ஸ்வாவின் காதுகள் மட்டும் பின்னால் திரும்பின. தெபெலோ மெல்ல முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.