நாற்காலியில் ஓட்டியவள்

ஞாயிற்றுக்கிழமை என் தங்கை கார் பந்தயத்தில் முதலாவதாக வந்தாள். திங்கட்கிழமை காலை அவளைத் திருடி என்று புகார் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

எழுதிக் கொடுத்தவர் இரண்டாவதாக வந்த அணியின் மேலாளர். எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். எங்கள் பட்டறையில் அவருக்குக் கோட்டு என்றே பெயர். போன மாதம் எங்கள் லாரி அந்தப் பந்தயத் தடத்தின் வாசலில் நின்றதாம். அதனால் நாங்கள் ரகசியமாகச் சோதனை ஓட்டம் நடத்திவிட்டோமாம். உதிரிச் சாமான்களை இறக்கிவைக்கப் போன லாரி அது. ஆனால் உள்ளே கார் இல்லை என்பதற்கு எங்களிடம் சாட்சி இல்லை.

சோதனை ஓட்டத்துக்கு ஒவ்வோர் அணிக்கும் வருடத்தில் சில நாட்கள்தான். அதற்கு மேல் ஒரு சுற்று ஓட்டினாலும் குற்றம். காசு உள்ளவன் வருடம் முழுக்க ஓட்டிப் பழகிவிடக் கூடாது என்று வந்த விதி. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோட்டின் அணிக்கு ஒரு கட்டடம் நிறைய சிமுலேட்டர், அதாவது தடத்தைத் திரையில் காட்டி ஓட்டவைக்கும் இயந்திரம், இருக்கிறது. அதில் உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டலாம், விதி வாயே திறக்காது. எங்களிடம் இருப்பது நாற்காலி. பழைய காரிலிருந்து கழற்றிய இருக்கையை மரச்சட்டத்தில் முடுக்கி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

நான் அணியின் பொறியாளர். என் தங்கை போன வருடப் பந்தயத்தின் வீடியோவை மனப்பாடம் ஆகும்வரை பார்ப்பாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, கையும் காலும் ஆட முழுச் சுற்றையும் ஓட்டுவாள். நான் ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டே நேரம் பார்ப்பேன். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருக்கும். அப்படிப் பழகித்தான், முன்னே பின்னே ஓட்டியிராத தடத்தில் எல்லோரையும் முந்தினாள். எங்கள் அணிக்கு அதுதான் முதல் வெற்றி. புகார் உண்மை என்று முடிவானால் வெற்றி பறிபோகும், அவளுடைய உரிமமும் ஒரு வருடத்துக்குப் போய்விடும்.

விசாரணை அறையில் நீளமான மேசை, உறுமும் ஏசி, எதிரே மூன்று நடுவர்கள். எங்கள் மெக்கானிக்குகள் நாலு பேரும் பின்வரிசையில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

"புதுசா வந்த பொண்ணு. பார்க்காத டிராக்ல இப்படி ஓட்டுமா? நம்புற மாதிரியா இருக்கு?" என்றார் கோட்டு.

எனக்குப் பொறுக்கவில்லை. "நாற்காலியில பழகினா மேடம். வேணும்னா இப்பவே ஓட்டிக் காட்டச் சொல்றேன், நீங்களே நேரம் பாருங்க" என்றேன்.

தலைமை நடுவர் அம்மாவுக்கும் ஆசை வந்துவிட்டது. என் தங்கை அங்கேயே கண்ணை மூடி ஒரு சுற்று ஓட்டினாள். பந்தயத்தில் ஓட்டிய நேரத்துக்கும் இதற்கும் கண் இமைக்கும் அளவு வித்தியாசம்தான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

கோட்டு சிரித்தார். "இந்தப் பந்தயத்துல மட்டும் ஓட்டி இவ்வளவு துல்லியம் எப்படி வரும் மேடம்? இதைவிட வேற சாட்சி வேணுமா?"

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேனே! நடுவர்கள் மூவரும் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

என் தங்கை பின்வரிசையை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அக்கா, ஒண்ணு சொல்லப் போறேன். திட்டக் கூடாது."

"சொல்லித் தொலை."

"பந்தயத்துக்கு முன்னாடி எல்லாருக்கும் நடந்த முதல் நாள் பயிற்சியில, முதல் சுத்துலயே ஏழாவது வளைவுல மணல்ல போய் விழுந்தேன்ல? பிரேக் பிடிக்கலன்னு ரேடியோல சொன்னேன். பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு."

"அடிப்பாவி!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அன்றைக்குச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு மொத்த பிரேக்கையும் பிரித்துப் போட்டவர்கள் அவர்கள்.

"அந்த வளைவை ரெண்டு மாசம் முன்னாடி இடிச்சு இறுக்கமா மாத்திட்டாங்க மேடம். எனக்குத் தெரியும், முந்தின நாள் நடந்துபோய்ப் பார்த்துட்டும் வந்தேன். ஆனா கால் கேக்கல. நாற்காலியில பழைய வளைவையே ஓட்டி ஓட்டி, பழைய இடத்துலயே பிரேக்கை மிதிச்சிடுச்சு. வெக்கமா இருந்துச்சு, பொய் சொல்லிட்டேன். போன மாசம் நான் இங்க ஓட்டியிருந்தா, புது வளைவு காலுக்குப் பழகியிருக்காதா?"

"வேணும்னே விழுந்திருக்கலாமே" என்றார் கோட்டு.

"ஜெயிக்கிறதுக்கு முன்னாடியே, நீங்க புகார் கொடுப்பீங்கன்னு ஜோசியம் பார்த்தா விழுந்தா?" என்று நான் எகிறினேன். தலைமை நடுவர் கையமர்த்தினார்.

"எந்த வீடியோ பார்த்தேம்மா?"

"போன வருஷம் இவங்க அணி ஜெயிச்ச வீடியோ. அவங்களே பெருமையா இணையத்துல போட்டிருக்காங்க."

நடுவர்கள் போன வருடம் ஜெயித்த சுற்றையும் என் தங்கை விழுந்த சுற்றையும் எடுத்து, இரண்டு கார்களின் பிரேக் பதிவையும் கோடுகளாகத் திரையில் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தார்கள். ஏழாவது வளைவில், போன வருடம் கோட்டின் ஓட்டுநர் மிதித்த அதே இடத்தில்தான் என் தங்கையும் மிதித்திருந்தாள். இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டு நின்றன. அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோட்டு சிரிக்கவில்லை.

"புகார் தள்ளுபடி" என்றார் தலைமை நடுவர். "ஆனா காரணத்தையும் தீர்ப்புல எழுதணும். எல்லா அணியும் படிக்கும். உனக்குச் சங்கடமா இருக்குமே?"

"எழுதுங்க மேடம். ஜெயிச்சதும் நான்தான், மணல்ல விழுந்ததும் நான்தான்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கோப்பையைத் தூக்கினாளே, அப்போதுகூட எனக்கு இவ்வளவு பெருமையாக இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏசி காற்று என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

வெளியே வராந்தாவில் கோட்டு எங்களை நிறுத்தினார். குரல் இப்போது வெல்லமாக இருந்தது. "பேசாம எங்ககிட்ட வந்துடும்மா. சிமுலேட்டர், ஆளு, அம்பு, நல்ல காரு, எங்ககிட்ட எல்லாமே இருக்கு."

"எல்லாமே இருக்கா சார்?" என்றாள் என் தங்கை, மரியாதை குறையாமல். "அப்புறம் நான் எதுக்கு?"

நான் அவள் தோளில் கையைப் போட்டு, "வாடி என் சிங்கமே. கீழ நாலு மெக்கானிக்கும் காத்துக்கிட்டு நிக்கிறாங்க. போய் வாங்கிக் கட்டிக்கோ" என்றேன். அவள் எனக்கு முன்னால் படியிறங்கிப் போனாள்.