மைக் துளை இல்லாத கீபோர்டு

இவன் வீட்டிலேயே முடிவு பண்ணிவிட்டான். என்னைக் கூட்டி வந்தது கேட்பதற்காக இல்லை, நான் பார்த்துப் பழகிக்கொள்வதற்காக.

புருஷனோடு வந்திருந்த லூசினெய்டே அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பிரேசிலின் பிக்கோஸ் ஊர்க் கடைத்தெருவில் இருந்த அந்த வாத்தியக் கடையில் இரண்டு கீபோர்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒரு விசையை அமுக்கினால் தாளம், அக்கார்டியன் என்று முழுக் கோஷ்டியையும் தாமாகவே வாசித்துவிடும். இடதுபக்கம் இருந்ததில் பாடுகிறவளுக்கு மைக் செருகத் துளை இருந்தது. வலதில் இல்லை. அதற்குள்ளேயே பாடும் குரல்கள் இருந்தன.

"இதக் கேளுங்கண்ணே." கடைக்கார வெலிங்டன் வலதில் ஒரு விசையைத் தொட்டான். இளம்பெண்கள் சேர்ந்து பல்லவி பாடினார்கள். "தொண்ட கட்டாது, சம்பளம் கேக்காது, கூட்டத்துல எவனயும் பாத்துச் சிரிக்காது."

அடாயில்டன் சிரித்தான். மனைவியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"சிரி, சிரி. இனிமே இந்தப் பொட்டியோடயே குடும்பம் நடத்து," என்றாள் அவள்.

"கோவிக்காதடி. இடதுல நம்ம ஃபோஹோ ஆட்டத்துக்கான தாளம் சவசவன்னு இருக்கு. நீயே கேட்டல்ல?"

கேட்டிருந்தாள். அவன் சொன்னது உண்மை. வலதில் ஒவ்வொரு அடியும் நெஞ்சில் வந்து விழுந்தது. அவன் பொய் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"அப்ப நானு?"

"வீட்ல இரேன். முழங்கால் வலிக்குதுன்னு நீதான சொன்ன."

"வலிக்குதுன்னுதான் சொன்னேன். வரலன்னு சொல்லல."

வருஷா வருஷம் ஜூன் திருவிழா மேடையில், இறங்கிவரும் அவள் குரலுக்காக அவன் சுருதியை அரைக்கட்டை இறக்கிக்கொண்டே வந்தான். அவளும் அதை அன்பு என்றே எடுத்துக்கொண்டாள். மேடையில், அவள் பல்லவியில் நுழையும் முன் அவன் திரும்பிப் பார்ப்பான். வீட்டில் அப்படி ஒரு பார்வை கிடையாது. இத்தனை வருஷம் அந்தப் பார்வையை நம்பித்தான் அவள் சமைத்தாள், துவைத்தாள், தூங்கினாள்.

"சரி, இதையே பில் போடு," என்றான் அடாயில்டன். பிறகு அவள் பக்கம் குனிந்து, "ஒண்ணே ஒண்ணு மட்டும் செய். பாட்டு நடுவுல எம்பேரக் கூவுவல்ல, அதப் பதிஞ்சு குடுத்துடு. ஜனங்களுக்கு உன் கொரல்ல கேட்டுத்தான் பழக்கம்."

"போன்லயே எடுத்து பென் டிரைவ்ல ஏத்திடலாங்கா. அப்புறம் ஒரு விசையில வெச்சிடலாம்," என்று வெலிங்டன் போனை நீட்டினான்.

ஒரு விசை. வேண்டும்போது அமுக்குவான். திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

தான் கூவாவிட்டால் வேறு எவளோ கூவுவாள், ஆட்டம் நிற்காது என்று அவளுக்குத் தெரியும். போனில் சிவப்புப் புள்ளி மின்னிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"வேணாம் தம்பி, அணைச்சுடு," என்றாள் மெதுவாக. "நான் கூவல."