ஆமை யார் மெஷினில்

ஷ்டிப் ஊரில் தையல் ஆலைக்கு ஆள் அனுப்பாத வீடு கிடையாது. பவ்லீனாவை அங்கே சேர்த்துவிட்டவள் அடுத்த வீட்டு ஸோர்க்கா. இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மெஷின். சட்டைக் காலர் தைக்கிற வேலை.

அந்த ஆமையைக் கொண்டுவந்தவன் சூப்பர்வைசர் மித்ரே. அவன் மகள் விளையாடி அலுத்த பஞ்சுப் பொம்மை. சாயங்காலம் எண்ணிப் பார்த்து, எவள் குறைவாகத் தைத்தாளோ அவள் மெஷின் மேல் அதை உட்கார வைப்பான். மறுநாள் முழுக்க அது அங்கேயே இருக்கும். நாம எல்லாம் ஒரே குடும்பம், சும்மா தமாஷுக்குத்தான் என்பான். நல்ல குடும்பம்! திட்டினால் திருப்பித் திட்டலாம், தமாஷை என்ன செய்வது? பெண்களும் சிரித்துவைத்தார்கள். கழிவறைக்குப் போனால் நேரம் போகுமே என்று தண்ணீர் குடிப்பதையும் விட்டார்கள்.

பவ்லீனாவிடம் ஆமை இரண்டு நாளாகக் குடியிருந்தது. மூன்றாவது நாளும் அவள்தான் என்றால் இஸ்திரி அறைக்கு மாற்றிவிடுவேன் என்று மித்ரே சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டான். ஆகஸ்ட் வெயிலில், அந்த நீராவியில், நல்ல உடம்புக்காரிகளே மயங்கி விழுவார்கள். பவ்லீனாவுக்கோ ஆஸ்துமா. அங்கே போனால் பிழைக்கமாட்டோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அன்று காலையிலிருந்து அவள் தலை நிமிரவில்லை. வரிசையில் அவளுக்கு இணையாக மெதுவாகத் தைக்கிறவள் ஒருத்திதான், கண் மங்கிவரும் ஸோர்க்கா. ஸோர்க்கா அக்கா தைத்து முடித்த குவியலை ஓரக்கண்ணால் அளந்துகொண்டே பவ்லீனா தைத்தாள். மத்தியானத்துக்குப் பிறகும் அக்காவின் குவியல்தான் உயரமாக இருந்தது.

வேலை முடிகிற நேரத்தில் பக்கத்து மெஷின் சட்டென்று நின்றது. ஸோர்க்காவின் வலதுகை விரலில், நகத்தைத் துளைத்து ஊசி இறங்கியிருந்தது. அவள் கத்தவில்லை. கத்தினால் வரிசையே நின்றுபோகும், எல்லாரும் முறைப்பார்கள்.

"பவ்லீனா, இடதுகைக்கு எட்டலடி. அந்தச் சக்கரத்தைத் திருப்பி ஊசியைக் கொஞ்சம் தூக்கிவிடு" என்றாள் மெல்ல.

பவ்லீனாவுக்கு முதலில் வந்தது பதற்றமில்லை, நிம்மதி. அப்பாடா என்று இருந்தது.

"இந்தக் காலரை முடிச்சிட்டு வந்துடறேன்க்கா."

"சரிடி, முடிச்சிட்டு வா."

ஸோர்க்கா அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. பவ்லீனாவின் இடத்தில் இருந்திருந்தால் அவளும் அதையேதான் சொல்லியிருப்பாள். பவ்லீனா காலரை முடித்தாள். கை தானாக அடுத்ததை எடுத்தது. அதையும் முடித்த பிறகுதான் சக்கரத்தைத் திருப்பி ஊசியைத் தூக்கினாள். அதுவரை ஸோர்க்கா உதட்டைக் கடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் ஆமை ஸோர்க்காவின் மெஷினுக்கு இடம் மாறியது. எல்லாரும் சிரித்தார்கள். விரலில் டேப் சுற்றிக்கொண்டு ஸோர்க்காவும் சிரித்தாள். மற்றவர்கள் எப்படியோ, பவ்லீனாவுக்கு உண்மையிலேயே சிரிப்பு வந்தது.