ரிப்பீட்டு

“ரிப்பீட்டு ஒரு பாட்டலு குடுங்க சாமி.”

காளப்பநாயக்கன்பட்டியில் பன்னிரண்டு வருடமாக வைத்தியம் பார்க்கும் டாக்டர் அர்த்தனாரி அப்படியொரு மருந்தைக் கேள்விப்பட்டதில்லை. கம்பவுண்டர் குப்புசாமி காதுகுத்துக்குப் போயிருந்ததால் அன்று மருந்து ஜன்னலில் அவரே நின்றிருந்தார்.

கேட்டவள் இருசாயி. மலைமேல் திண்ணனூர் நாடு என்னும் ஊர்த்தொகுதியிலிருந்து விடியலில் கிளம்பி மலையிறங்கி வந்திருந்தாள். அவள் நீட்டிய சீட்டு மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தது. எழுத்து அவருடையதுதான். வருடம் 1957. வறட்டு இருமலுக்கு அபின் சத்துச் சேர்த்த மிக்சர். கடைசியில் ‘ரிப்பீட்’ என்று ஓர் இங்கிலீஷ் வார்த்தை. தீர்ந்தால் இன்னொரு முறை கொடுக்கச் சொல்லிக் குப்புசாமிக்கு எழுதியது. எத்தனை முறை என்று எழுதவில்லை. மூன்று வருடம் ஓடிவிட்டது.

“இருமல் எப்படிம்மா இருக்குது?”

“அது போயி ரெண்டு வருசமாச்சுங்க. ரிப்பீட்டுத்தான் நிக்கலீங்க.”

சிரித்தாள். சிரிப்பினூடே கொட்டாவி வந்தது. மூக்கு ஒழுகியது. வெயில் நேரத்தில் கையெல்லாம் புல்லரித்திருந்தது.

“குடிக்காட்டி என்ன பண்ணுது?”

“காலப் புடிச்சு முறுக்குதுங்க. வயித்தால போவுது. கை நடுங்கி, போன வருசம் ஏணியில இருந்து உழுந்தேன். தையில மொளகு பறிக்கோணும் சாமி. ஏற ஆளு நான் ஒருத்திதான்.”

“இந்த மருந்து இன்னும் யாருக்கெல்லாம்?”

“மூணு ஊட்டுல இந்தச் சீட்டத்தான் எரவல் வாங்கிட்டு வருவாங்க. ராசியான சீட்டுங்க.”

கிழித்துப்போடக் கை துறுதுறுத்தது. ஆனால் அபினுக்குப் பழகிவிட்ட உடம்பு; ஒரேயடியாக நிறுத்தினால் இவள் மலையேறி வீடு சேரமாட்டாள். பாட்டிலில் மிக்சரை ஊற்றி, அளவு காட்டுவதற்காக ஓரத்தில் வேளைக்கு ஒரு பல் வீதம் வெட்டிப் பாட்டிலின் பக்கத்தில் ஒட்டும் காகிதத்தை எடுத்தார். எல்லாப் பல்லும் ஒரே அளவில் இருப்பதுதான் வழக்கம். அவர் மேலே பெரிதாகத் தொடங்கி, கீழே வரவரச் சிறிதாக வெட்டினார்.

“வேளைக்கு ஒரு பல்லு. அடுத்த வாரம் வாங்க. இதவிடக் கொஞ்சம் குறைச்சுத் தருவேன். அந்த மூணு ஊட்டுக்காரங்களையும் கூட்டிட்டு வரணும்.”

“சீட்டு?”

“இனிச் சீட்டு இல்லம்மா. ஆளப் பாத்துத்தான் மருந்து.”

அவள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

“அடியில இருக்கற பல்லு எலிப்பல்லாட்டம் இருக்குதுங்களே! தைக்குள்ள ஏணி ஏறிருவனா சாமி?”

“பாக்கலாம்மா. வாரம் தவறாம வாங்க.”

அவள் போனதும், தான் எழுதிய மருந்துச் சீட்டுகளின் நகல் கட்டை எடுத்து மேசையில் பிரித்தார். அந்த வார்த்தையை இன்னும் எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறோம் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.