மூடி மாறிய குப்பிகள்

"டாக்டரம்மா, மூடி மாறிப்போச்சு."

சொன்னவள் மூடிக்காரி. நல்ல எலியின் செல்லுக்கு நீல மூடி, நோயாளி எலியுடையதற்குச் சிவப்பு. சோதனைக்கூடத்தில் இதைக் கண்ணும் கருத்துமாய்ப் பார்ப்பது அவள் வேலை. அதனால்தான் அந்தப் பட்டம்.

"எப்போ?"

"மூணு வாரம் முன்னாடி. ரெண்டு உறைசெல் குப்பியையும் ஒரே நேரத்துல திறந்துட்டேன். அடியில இருக்கிற நம்பரை இப்பத்தான் பார்த்தேன்."

 டாக்டரம்மாவின் தம்பி மகளுக்கு நாலு வயது, இன்னும் ஒரு வார்த்தை பேச்சில்லை. பிறவியிலேயே ஒரு மரபணு கெட்டு, மூளை வளர்ச்சி தடுமாறுகிறது. அதே கோளாறுள்ள எலிகளை வைத்து, பழுது எங்கே என்று இரண்டு வருடமாகத் தேடுகிறாள் இவள். சந்தேகம் முழுக்க நரம்பணுவின் மேல்தான். ஒயருக்கு ரப்பர் போல அதைச் சுற்றி மயலின் உறை போடும் இந்த உறைசெல்களை அவள் பொருட்படுத்தியதே இல்லை.

"அப்போ நோயாளி நரம்பணுகூட நல்ல எலியோட உறைசெல்லைச் சேர்த்து வளர்த்திருக்கே!"

"ஆமா. நல்ல நரம்பணுகூட நோயாளி எலியோட உறைசெல்லை. கொட்டிடவா?"

"கொட்டு! என் மூணு வாரத்தையும் சேர்த்துக் கொட்டு!"

கத்தினாளே தவிர மனசு கேட்கவில்லை. செல்கள் வளரும் தட்டை அவளிடமிருந்து பிடுங்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். குனிந்தவள் நிமிரவே இல்லை.

"என்னம்மா, திட்டறதுக்கு வார்த்தை கிடைக்கலையா?"

"அடியே, இங்க வந்து பாரு!"

நோய்கொண்ட நரம்பணுக்கள் கிளை கிளையாக விரிந்து, ஒன்றையொன்று எட்டித் தொட்டுக்கொண்டிருந்தன. அடுத்த தட்டில் நல்ல நரம்பணுக்கள் சூம்பிப்போய்க் கிடந்தன.

"உறைசெல்தான்டி வளர்ச்சியைக் கெடுக்குது! இத்தனை நாளா தப்பான ஆளைப் பிடிச்சு உதைச்சிருக்கேன்!"

"ரெண்டே தட்டை வச்சு ஊரைக் கூட்டாதீங்க."

"கூட்டலை. வேணும்னே மூடியை மாத்தி இன்னும் பத்து தரம் பண்ணுவோம்," என்றவளின் கை அதற்குள் தம்பிக்குப் போன் போட்டுவிட்டது. மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தாள்.

 தம்பி கேட்டது ஒன்றுதான்: "அக்கா, பாப்பா பேசுவாளா?"

வாய்வரை வந்த "பேசுவாடா"வை விழுங்கினாள்.

"தெரியலைடா. இது எலி. மருந்துன்னு ஒண்ணு இன்னும் இல்லை. ஆனா எங்க தேடணும்னு தெரிஞ்ச மாதிரி இருக்கு."

"ரெண்டு வருஷமா 'தெரியலை'ன்னுதான் சொல்றே. சிரிச்சுக்கிட்டே சொல்றது இன்னிக்குத்தான்."

"சிரிக்கிறேனா?"

"பல்லெல்லாம் கேட்குதுக்கா. போனை வச்சுட்டுப் போய் வேலையைப் பாரு!"