அர்த்தநாரி மனைவியின் ஓட்டு

முப்பத்தேழாம் வருஷத்துத் தேர்தலில் சௌந்திரத்துக்கும் ஓட்டு உண்டு என்ற சேதியைக் கணக்குப்பிள்ளைதான் கொண்டுவந்தார். அவள் புருஷன் அர்த்தநாரி ஒரு வெற்றிலைக் கொடிக்காலுக்கும் கொஞ்சம் நஞ்சைக்கும் வரி கட்டுகிறவன். அந்த வகையில் அவளும் பட்டியலில் ஏறிவிட்டாளாம்.

"அங்க போனா என்னங்க பண்ணுவாங்க?" என்று கேட்டாள்.

"பட்டியல்ல இருக்கறதச் சத்தமாப் படிச்சு, சீட்டுக் குடுப்பாங்க தாயி."

"சத்தமாவா?"

"பின்னே? ஏஜெண்டுகளுக்குக் கேக்க வேண்டாமா?"

அவர் போன பிறகும் சௌந்திரம் வாசலிலேயே நின்றாள். யார் ஜெயிப்பார், யார் தோற்பார் என்பதெல்லாம் அவளுக்கு அப்புறம். தன் பெயரை ஒருவர் நாலு பேர் முன்னால் சத்தமாகப் படிக்கப்போகிறார், அதுதான் அவளைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

பரமத்தி வேலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருஷம். வந்த அன்றைக்கே அவள் மோகனூராள் ஆகிவிட்டாள். பிறந்த ஊரின் பெயரைப் பெண்ணின் தலையில் கட்டிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். மாமியாருக்கு மோகனூரா, அக்கம்பக்கத்துக்கு மோகனூரா, பிள்ளைகளுக்கு அம்மா. அர்த்தநாரிக்கு 'இந்தா புள்ள'. பெண்டாட்டி புருஷன் பெயரைச் சொல்லக்கூடாது என்பது ஊரறிந்த சட்டம். புருஷனுக்கு அப்படிச் சட்டம் எதுவும் இல்லை; ஆனாலும் எந்த ஆண்பிள்ளையும் சொன்னதில்லை. சொல்லித் தொலைத்தால் சாவடியில் ஒரு வாரத்துக்கு அவன் தலைதான் உருளும். அர்த்தநாரி நல்லவன், கை நீட்டாதவன், ஆனால் ஊர்ச் சிரிப்புக்கு அப்படிப் பயப்படுகிறவன்.

'சௌந்திரம்' என்று வாய் நிறையக் கூப்பிட்டது அவள் அண்ணன் செங்கோடன் ஒருவன்தான். சிலேட்டில் கை பிடித்து எழுத்துக் கற்றுக்கொடுத்தவனும் அவனே. அவன் காலராவில் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு அந்தப் பெயர் அவள் காதில் விழவேயில்லை. அவளுக்கு அது வேண்டியிருந்தது. பசித்தவளுக்குச் சோறு வேண்டியிருக்குமே, அப்படி வேண்டியிருந்தது.

ஓட்டுப் போடும் இடம் பரமத்தியில் ஒரு பள்ளிக்கூடம். ஆண்கள் வரிசை ஒரு பக்கம், பெண்கள் வரிசை ஒரு பக்கம். அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பாப்பாயி நின்றாள்.

"பேர் என்னம்மா?" என்றார் மேஜைக்குப் பின்னால் இருந்த ஆபீசர்.

"சௌந்திரமுங்க."

அவர் விரல் பட்டியலில் மேலிருந்து கீழே இறங்கியது, மறுபடி ஏறியது. "அப்படி யாரும் இல்லையேம்மா."

சௌந்திரம் குனிந்து பார்த்தாள். எழுத்துகள் அவளுக்குத் தலைகீழாக இருந்தன. இருந்தாலும் படித்துவிட்டாள். 'அர்த்தநாரி மனைவி'. அவ்வளவுதான். வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

அவள் அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

"உங்க வீட்டுக்காரர் பேர் அர்த்தநாரியா?"

"அவ எப்பிடிங்க சொல்லுவா?" என்று பாப்பாயி முந்திக்கொண்டாள். "அதேதானுங்க."

"சரி. அர்த்தநாரி மனைவி!" என்று உரக்கப் படித்துவிட்டு ஆபீசர் சீட்டை நீட்டினார். பெஞ்சில் இருந்த ஏஜெண்டுகள் தங்கள் தாள்களில் கோடு போட்டார்கள்.

சௌந்திரம் கை நீட்டவில்லை. "எம்பேரை எழுதிக் கூப்புடுங்க சாமி."

ஆபீசர் நிமிர்ந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. "உன் பேர் இதுதான்னு தெரிஞ்சவங்க ஒருத்தர் சொல்லட்டும்மா. ஓரத்துல எழுதிக்கறேன்," என்று பாப்பாயியைப் பார்த்தார்.

"பதினஞ்சு வருசமாப் பக்கத்தூடுங்க. மோகனூரான்னாத் தெரியும்," என்றாள் பாப்பாயி. "பேரு... இன்னிக்குத்தானுங்க கேக்கறேன்." சொல்லிவிட்டு அவளுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆண்கள் வரிசையிலிருந்து அர்த்தநாரியை அழைத்துவந்தார்கள்.

"உங்க சம்சாரம் பேர் என்னங்க?"

இரண்டு வரிசையும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றன. அர்த்தநாரி சுவரைப் பார்த்தான், ஆபீசரைப் பார்த்தான், கடைசியில் அவளைப் பார்த்தான். சொல்லுங்க, சொல்லிடுங்க என்று அவள் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"நம்மூட்டுதுங்க," என்றான்.

"அது தெரியுது. பேர்?"

"மோகனூருப் புள்ளைங்க."

ஆண்கள் பக்கம் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அத்தோடு அர்த்தநாரியின் வாய் அடைத்துப்போயிற்று. ஆபீசர் காத்திருந்து பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

பட்டியல் எழுதக் கணக்குப்பிள்ளை பேர் கேட்டபோதும் தன் வீட்டுக்காரர் இப்படித்தான் நின்றிருப்பார் என்று சௌந்திரத்துக்குப் புரிந்தது. சீட்டை வாங்காமலே போய்விடலாமா என்று ஒரு கணம் ஆத்திரம் வந்தது. போனால் இருக்கிற ஓட்டும் போய்விடும். வாங்கிக்கொண்டாள். ஓட்டுப் போட்டது சௌந்திரம்; போட்டதாகப் பதிவானது அர்த்தநாரியின் மனைவி.

திரும்பும்போது வழக்கம்போல அவன் பத்தடி முன்னால் நடந்தான். பரமத்தி எல்லை தாண்டியதும் நடை தளர்ந்து அவளோடு சேர்ந்துகொண்டான்.

"கோவமா புள்ள?"

"ஆமாங்க."

"தெரியாம இல்ல. நாலு பேரு முன்னால வாய் வர மாட்டேங்குது." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான். "கொடிக்காலுக்குள்ள ஒண்டியா இருக்கறப்பச் சொல்லிப் பாத்துக்குவேன்."

அவள் நின்றுவிட்டாள். "எத்தன நாளாங்க?"

"கண்ணாலம் ஆன நாளா."

வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அந்தக் கொடிக்கால். இருபத்திரண்டு வருஷமாக அங்கே சொல்லப்பட்டுக்கொண்டிருந்த பெயருக்காகவா இவள் இப்படி ஏங்கிக் கிடந்தாள்! அழுகையும் ஆத்திரமும் ஒன்றாகப் பொங்கிக்கொண்டு வந்தன.

"வெத்தலைக் கொடிக்கு ஓட்டு இல்லீங்க," என்றாள். "எங்கிட்டச் சொல்லுங்க."

அர்த்தநாரி பாதையை முன்னும் பின்னும் பார்த்தான். வாயைத் திறந்தான். அதற்குள் ஓட்டுப் போடப் போகிற ஆட்களோடு ஒரு மாட்டுவண்டி எதிரே வந்தது. வாயை மூடிக்கொண்டான். இருவரும் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். வண்டி கடந்து போய், புழுதியும் அடங்கியது. அவன் இன்னும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"வண்டி போயிருச்சுங்க," என்றாள் சௌந்திரம்.